பெட்டிகளை எண்ணினீர்கள், ஹேட்ச் மூலைகளைப் பார்த்தீர்களா?

மதிப்பிற்குரிய கப்பல் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு, டர்பனிலிருந்து வணக்கம்.

சென்ற வாரம் தென்மேற்குக் காற்றில் அடிபட்டு வந்த கன்டெய்னர் கப்பலின் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. சரிந்த பெட்டிகளை எண்ணினீர்கள், பெட்டிகளைக் கட்டிவைக்கும் லாஷிங் அறுந்ததைப் படமெடுத்தீர்கள், மறுநாளே புறப்பட அனுமதித்தீர்கள். ஹேட்ச் மூலைகளை, அதாவது சரக்கறைக்கு மேல்தளத்தில் விட்ட திறப்பின் மூலைகளை, யாரும் பார்க்கவில்லை. இனிமேல் பார்த்த பிறகே அனுமதி கொடுங்கள்.

நம் கரையோரம் தென்மேற்காக ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்தை எதிர்த்து வரும் தென்மேற்கு அலை நீளம் சுருங்கிச் செங்குத்தாகிவிடும். அதில் கப்பலின் முகப்பு இறங்கி, அதன் வெளிப்பக்கம் விரிந்த தகடு தண்ணீரில் அறைந்தால், அடி அங்கேயே முடிவதில்லை. 300 மீட்டர் உடலும் மேலும் கீழுமாக அதிரும். ஓர் அதிர்வுக்குச் சுமார் 2 வினாடி. அது லேசில் அடங்காது, அதற்குள் அடுத்த அலை வந்துவிடும். சரக்கேற்றிய கன்டெய்னர் கப்பல் ஏற்கெனவே நடு உயர்ந்து, முனைகள் தாழ்ந்துதான் நிற்கிறது: மேலே இழுவிசை, அடியில் அமுக்கம். அலையின் முகடு நடுவுக்கு வரும்போது இந்த அதிர்வும் சேர்ந்தால் அடித்தகடு நெளியலாம், ஹேட்ச் மூலையில் மயிரிழை விரிசல் தொடங்கலாம்.

அதைத் தேடுவது யார்? தூங்காத கண்களோடு தலைமை அதிகாரியும் டெக் ஆட்களின் தலைவரான போசனும் டெக்குக்குக் கீழே டார்ச் பிடித்து நடக்கிறார்கள். தெறித்த பெயின்ட், ஒழுகிய துரு, கண்ணுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். பெயின்டைச் சுரண்டி, எண்ணெய் போகத் துடைத்து, சிவப்புச் சாயம் பூசி, 10 நிமிடமாவது ஊறவிட்டுத் துடைத்து, உள்ளே புகுந்த சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளை டெவலப்பர் அடித்தால்தான் விரிசல் கோடாக எழும். அந்த நேரத்துக்கு கிரேன் அட்டவணையில் இடமில்லையாம்.

2007-ல் எம்எஸ்சி நாப்போலி என்ற கன்டெய்னர் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடல் நெளிந்து நின்றது. 2013-ல் இந்தியப் பெருங்கடலில் இரண்டாக உடைந்த மோல் கம்ஃபர்ட் கப்பலைக் கட்டி ஐந்தாண்டுகூட நிறையவில்லை. அதிர்வையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி 2015-ல், கப்பல் கட்டுமானத் தரத்துக்குச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கங்கள் விதி எழுதின. அதற்கு முன் கட்டியவையும் இதே கரையோரம்தான் ஓடுகின்றன. தொலைந்த பெட்டிக்குச் சொந்தக்காரர் உண்டு, விரிசலுக்கு இல்லை போலும். வேகத்தைக் குறைத்த கேப்டனிடம் தாமதத்துக்கு விளக்கம் கேட்கும் அலுவலகங்கள், குறைக்காதவரிடம் எதையாவது கேட்டதுண்டா?

மன்னிக்கவும், கோபம் கடிதத்தை இழுத்துக்கொண்டு போகிறது. புயலில் கப்பல் ஓடிய வேகம், திசை, முகப்பின் டிராஃப்ட் (நீரில் அமிழ்ந்திருந்த ஆழம்) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நடுக்கப்பல் ஹேட்ச் மூலைகளில் சாயச் சோதனை செய்யுங்கள், டபுள் பாட்டம் எனும் இரட்டை அடித்தகட்டின் இடைவெளிக்குள் ஆள் இறக்கிப் பாருங்கள். அதன் பிறகு கையெழுத்திடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டர்பன் துறைமுகக் கப்பல் பழுதுபார்ப்போர்