ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த வாரம் உன் குழுவினருக்கு 360 டிகிரி ஃபீட்பேக் ரிப்போர்ட் (ஒருவரைப் பற்றி மேலதிகாரி, கூட வேலை செய்பவர்கள், கீழே வேலை செய்பவர்கள், அவரே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் மதிப்பெண்ணும் கருத்தும் வாங்கித் தொகுத்தது) கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் மெயிலில் அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். வேண்டாம் அம்மா. அதிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பவே அனுப்பாதே. சனி, ஞாயிறு முழுக்க அந்த மனிதர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு கிடப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ள எதிரில் ஆள் இருக்காது.

ஹெச்.ஆர். வேலையில் இருந்தவரை நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கியவர் முதல் பக்கத்து விளக்கத்தைப் படிக்க மாட்டார். வரைபடங்களை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போவார். கூட வேலை செய்பவர்கள் சொந்த வார்த்தையில் எழுதிய கருத்துகள் அங்கேதான் இருக்கும். நல்லதாக எழுதியிருப்பதையெல்லாம் தாண்டிப் போய், "மற்றவர்களைப் பேசி முடிக்க விடுவதில்லை" என்ற ஒரு வரியில் விரல் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, "இதை யார் எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும்" என்பார்.

அந்த நேரத்தில் நீ எதிரில் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தேடலில் நீயும் சேர்ந்துவிடாதே. ஆமாம், இல்லை என்று முகத்தில்கூடக் காட்டாதே. பெயர் வெளியே வராது என்று நம்பித்தான் அவர்கள் மனம் திறந்து எழுதியிருக்கிறார்கள். கூட வேலை செய்பவர்கள், கீழே வேலை செய்பவர்கள் என்ற மாதிரி ஒரு பிரிவில் மூன்று பேராவது பதில் சொல்லியிருந்தால்தான் அந்தப் பிரிவின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டுவது பல இடங்களில் வழக்கம். உங்கள் ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடு. கருத்துகளையும் ஒரு முறை படி. "போன மாதம் நான் லீவு கேட்டபோது" என்று யாராவது எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். ரிப்போர்ட் தயாரிப்பவர்களிடம் சொல்லி அதைச் சரிசெய்த பிறகே கொடு.

ஃபீட்பேக் கொடுத்தாலே ஆள் முன்னேறிவிடுவார் என்றும் நினைக்காதே. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, 600க்கும் மேற்பட்ட முடிவுகளை அலசினார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில், ஃபீட்பேக் கிடைத்த பிறகு வேலையின் தரம் குறைந்திருந்தது. கவனம் செய்கிற வேலையை விட்டுவிட்டு 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்ற பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். நான் கண்டதும் அதுதான். "அப்போ நான் திமிர் பிடித்தவனா?" என்று ஒருவர் கேட்டால், சமாதானம் சொல்வதில் நேரத்தைப் போக்காதே. எந்த மீட்டிங்கில் அப்படி நடக்கிறது, யார் பேசும்போது குறுக்கே போகிறார் என்று கேள். பேச்சு தானாக வேலைக்குத் திரும்பும்.

அவர் தனக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணையும் மற்றவர்கள் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. தான் ஐந்துக்கு 3 போட்ட இடத்தில் மற்றவர்கள் நாலரை போட்டிருந்தால் அதை அவசரமாகத் தாண்டிப் போகாதே. தன் பலம் தெரியாமலே வேலை செய்கிறவர்கள் நிறைய. படிப்பதற்கு அரை மணி நேரம் தனியாக விடு, அப்புறம் உட்கார்ந்து பேசு. முதல் நாளே திட்டம் கேட்காதே. கோபம் வந்தால் வரட்டும். இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். அப்போது மறுபடி சந்தித்து, மாற்றிக்கொள்ள ஒரே ஒரு விஷயத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல். பத்து விஷயம் எழுதினால் ஒன்றும் நடக்காது.

மேலாளர்களுக்கு இன்னொன்றும் சொல். வாக்கர், ஸ்மிதர் இருவரும் ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு வந்த ஃபீட்பேக்கைக் கீழே வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து பேசிய மேலாளர்கள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். பேசுவது என்றால் விசாரணை ஆகிவிடக் கூடாது. "இதை மாற்றப் பார்க்கிறேன், நீங்கள் கவனித்துச் சொல்லுங்கள்" என்றால் போதும்.

கடைசியாக ஒன்று. இன்கிரிமென்ட் நேரத்தில் உன் மேலதிகாரி இந்த ரிப்போர்ட்டின் நகலைக் கேட்கலாம். வளர்ச்சிக்கு மட்டும்தான் என்று சொல்லி எல்லோரிடமும் கருத்து வாங்கியிருந்தால் கொடுக்காதே அம்மா. மறுத்துப் பேசுவது கஷ்டம், எனக்குத் தெரியும். ஒரு தடவை கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் எல்லோரும் எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள்.

அன்புடன்,
அப்பா