கட்டிலை ஆட்டியது கருப்பி இல்லை

வெலிங்டன், நியூசிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நாங்கள் சுகம். அப்பாவின் கால் வீக்கம் வற்றியதா?

இங்கே நிலநடுக்கம் என்று டிவியில் கீழே ஓடிய வரியைப் பார்த்துவிட்டு நீ சாப்பிடக்கூட இல்லை என்று தம்பி சொன்னான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வேளாங்கண்ணி மாதாவுக்கும் சிக்கல் முருகனுக்கும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுவாய்.

நடந்தது இவ்வளவுதான். விடியற்காலையில் கட்டில் கால்மாட்டில் தொம்மென்று ஒரு தட்டு. கருப்பி பீரோ மேலிருந்து குதிக்கிற நேரம் அது. (கறுப்புப் பூனை வேண்டாம் என்று நீ சொன்னது மறக்கவில்லை, அதை அப்புறம் பேசுவோம்.) தூக்கத்திலேயே "சீ, போ" என்று காலை உதறினேன். உடனே கட்டில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. கண்ணைத் திறந்தால் கருப்பி ஜன்னல் திட்டில் நிற்கிறது, வால் பாட்டில் கழுவும் பிரஷ் போலச் சிலிர்த்துக்கொண்டு. இவர் "ஆடுதா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அதற்குள் நின்றும்விட்டது.

ஆபீஸில் ஒருவர் விளக்கினார். பூமிக்குள்ளிருந்து இரண்டு அலை கிளம்புமாம். முதல் அலைக்கு வேகம் அதிகம், வலு குறைவு. ஒரு தட்டு மட்டும் தெரியும், பல நேரம் அதுவும் தெரியாது. ஆட்டிவைப்பது பின்னால் வரும் அலை. நாய், பூனைக்கெல்லாம் முதல் அலையே உறைத்துவிடும் என்கிறார்கள்.

இங்கே ஜியோநெட் என்று ஒரு அமைப்பு, ஆண்டுக்கு 20,000 நிலநடுக்கத்துக்கு மேல் பதிவு செய்கிறது. முக்கால்வாசிக்கும் மேல் யாருக்கும் தெரியாமலே போய்விடும். தெரிந்தவர்கள் போனில் 'உணர்ந்தேன்' என்று ஒரு தட்டு தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் அன்று காலை இரண்டு நிமிஷம் இதே பேச்சு, அப்புறம் காற்றைத் திட்டப் போய்விட்டார்கள்.

இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் ஒரு கதை உண்டு. பூமித்தாய் பாப்பாதூவானுகுவின் கடைசிப் பிள்ளை ரூஆமோகோ இன்னும் பிறக்கவே இல்லையாம். தாய் வயிற்றுக்குள் அவன் புரண்டு படுத்தால் நிலம் நடுங்கும். நாலு பெற்ற உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வீடியோ காலில் பார்த்துவிட்டு "இவ்வளவு வாடகைக்கு மரப்பெட்டியா? கான்கிரீட் வீடு கிடைக்கலையா?" என்று கேட்டாயே, அந்த மரம்தான் அம்மா பாதுகாப்பு. 1855-இல் இங்கே பெரிய பூகம்பம் வந்தபோது செங்கல் சுவர்களும் புகைபோக்கிகளும் விழுந்தன. மரவீடுகள் அந்த அளவுக்குச் சேதப்படவில்லை. மரம் லேசு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 1876-இல் கட்டிய பழைய அரசாங்கக் கட்டடம் இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. கருங்கல் மாளிகை என்று நினைத்துக் கிட்டே போய்த் தட்டிப் பார்த்தால் முழுக்க மரம்! தே பாப்பா மியூசியத்தை ரப்பரும் ஈயமும் சேர்த்துச் செய்த தாங்கிகளின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தத் தாங்கியும் இந்த நாட்டுக் கண்டுபிடிப்புதான்.

எங்கள் வீட்டில் பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு திருகி வைத்திருக்கிறோம். கட்டிலுக்கடியில் செருப்பும் டார்ச்சும் இருக்கின்றன, கண்ணாடி உடைந்தால் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று. பின்பக்கம் 200 லிட்டர் தண்ணீர் டிரம். நீ கொடுத்த பித்தளைப் பிள்ளையாருக்கு அடியில் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் அசையவில்லை. குங்குமச் சிமிழ்தான் கவிழ்ந்து கார்ப்பெட் பாழாகிவிட்டது. வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் கறையை எடுக்க வேண்டும்.

கடலைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய். ஐலண்ட் பே என்று ஒரு இடம், அங்கே தெருவில் நீலக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி மேட்டுக்குப் போய்விட்டால் சுனாமி எட்டாது என்று அடையாளம். நிலம் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆடினாலும், நிற்க முடியாத அளவுக்கு ஆடினாலும், சங்கு ஊதும்வரை காத்திருக்காமல் நடந்துவிட வேண்டும். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே இது பாடம். முதல்முறை அந்தக் கோட்டைப் பார்த்தபோது இவரிடம் ஒன்றும் பேசாமல் காருக்குத் திரும்பிவிட்டேன். 2004-இல் நமக்கு எங்கோ சுமத்ராவில் ஆடியது, நாகையில் கடல்தான் வந்தது. அக்கரைப்பேட்டைப் பெரியம்மாவிடம் இந்தக் கோடு விஷயத்தைச் சொல்லாதே.

எங்கள் வீடு மலைச்சரிவில், கோட்டுக்கு ரொம்ப மேலே இருக்கிறது. மூச்சு வாங்க ஏறித்தான் வீட்டுக்கு வருகிறோம், இனிமேல் அதைப் பற்றி நான் புலம்பமாட்டேன்.

சித்தப்பா மகன் அடுத்த மாதம் வருகிறான் அல்லவா? எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடு. ஏர்போர்ட்டில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கச் சொல், மறைத்தால் அபராதம் போடுவார்கள். பீங்கான் ஜாடி வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவே போதும்.

உன் மகள்