விழுந்த பிறகு அவர் ஓடியது

அன்பு மகள் கயலுக்கு,

முட்டியில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்களா? "ஸ்டேடியம் கண்ணுக்குத் தெரிஞ்சப்போ விழுந்துட்டேன்மா" என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மாரத்தான் வீரர் டொராண்டோ பியெத்ரி ஞாபகமாகவே இருக்கிறது. பி.டி. டீச்சராக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு அவர் விழுந்த கதையை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். உனக்காவது மீதியைச் சொல்ல வேண்டும்.

இத்தாலியில் கார்ப்பி என்ற ஊரில் கேக் கடையில் வேலை பார்த்த பையன். 1906இல் ஏதென்ஸில் முதல் ஆளாக ஓடிக்கொண்டிருந்தவர், வயிற்றுக் கோளாறால் பாதியில் நின்றுவிட்டார். அப்புறம் 1908 ஜூலை 24, லண்டன் ஒலிம்பிக் மாரத்தான். 22 வயது. 39ஆவது கிலோமீட்டரில் தென்னாப்பிரிக்காவின் ஹெஃபரனை முந்தி, எல்லோருக்கும் முன்பாக ஸ்டேடியத்துக்குள் வந்தார். வந்தவருக்குத் திசை தெரியவில்லை. தப்பான பக்கம் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசி 350 மீட்டருக்குப் பத்து நிமிடம் ஆனது. பார்க்கப் பொறுக்காமல் நடுவர்களே தூக்கி நிறுத்த, எப்படியோ கோட்டைத் தாண்டினார். அந்த உதவி விதிக்கு விரோதம் என்று அமெரிக்க அணி முறையிட்டது. அவரை நீக்கிவிட்டார்கள். 32 விநாடி பின்னால் வந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்குத் தங்கப் பதக்கம் போனது.

தூக்கியவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை, கண்ணு. உன் பக்கத்தில் அன்றைக்கு நான் இருந்திருந்தால் விதியாவது ஒன்றாவது, ஓடிவந்து தூக்கியிருப்பேன்.

மறுநாள் இங்கிலாந்து அரசி அலெக்சாண்ட்ரா பியெத்ரிக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை கொடுத்தார். எல்லோரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் நான்கே மாதத்தில், நவம்பர் 25 அன்று, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அதே ஹேய்ஸோடு ஓடி ஜெயித்தார்! அடுத்த மார்ச்சில் இன்னொரு முறையும். அமெரிக்காவில் ஓடிய 22 பந்தயங்களில் 17 வெற்றி. 1910 மே மாதம் புவனோஸ் ஐரிஸில் ஓடியதுதான் கடைசி மாரத்தான். 2 மணி 38 நிமிடம், அவர் வாழ்நாளிலேயே வேகமான ஓட்டம்.

ஓடிச் சம்பாதித்த பணத்தில் சகோதரரோடு நடத்திய ஹோட்டல் நொடித்துப்போனது. பிறகு சான்ரெமோவில் கார் பட்டறை வைத்திருந்தார். 1942இல் மாரடைப்பில் போய்விட்டார்.

இனி ஓடுவதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று மட்டும் சொல்லாதே, எனக்குத் தாங்கவில்லை. காயத்தில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவும் பேச வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா