ஏடி என்று சீட்டு ஒட்டி மென் ரிவெட் அனுப்பியது பற்றிய புகார்

தலவாக்கலை.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. தொலைபேசியில் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். இதையாவது கடைசிவரை வாசிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தின் வாலுக்காக, எட்டிலொரு அங்குல விட்டமுள்ள எம்எஸ்20470ஏடி4-4 ரிவெட் (தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ஆணி) இரண்டு இறாத்தல் உங்களிடம் வாங்கினேன். அந்த இலக்கத்தில் உள்ள ஏடி என்பது உறுதியான கலப்புலோக வகையைக் குறிக்கும். பையில் ஒட்டிய சீட்டிலும் பில்லிலும் ஏடி என்றே இருக்கிறது. உள்ளே இருப்பது ஏ என்ற மென் வகை. இதையே விற்கிற உங்களுக்குத் தெரியாததல்ல: ஏடி ரிவெட்டின் தலை நடுவில் ஊசியால் குத்தியதுபோல ஒரு குழி இருக்கும். நீங்கள் அனுப்பியவற்றின் தலை மொழுமொழுவென்று இருக்கிறது. பையைத் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூடக் குழி இல்லை. அது 1100 மென் அலுமினியம். 2117 கலப்புலோக ஏடி தாங்கும் வெட்டு விசையில் (ரிவெட்டைக் குறுக்கே அறுக்கும் விசை) சுமார் மூன்றிலொரு பங்குதான் அது தாங்கும். சுக்கானில் அதை அடிக்கவே கூடாது.

"ரெண்டும் ஒரே சைஸ், ஒரே கலர். தோட்டத்துப் பக்கம் பிளேன் கட்டி எங்க ஓட்டப் போறீங்க?" உங்கள் கவுண்டரில் இருந்தவர் பத்துப் பேர் முன்னால் கேட்டது இது. நேரில் வந்தால் மாற்றித் தருவோம் என்று நீங்கள் சொன்னதால்தான் விடியற்காலை பஸ் பிடித்துக் கொழும்பு வந்தேன். வந்த பிறகு, ஸ்டோர் கீப்பர் லீவாம். அவமானப்படுத்த மட்டும் ஆள் இருந்தார்! அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 38 ரிவெட் அடித்த பிறகே பிடிபட்டது. அடித்த முனை 3/16 அங்குல அகலமும் 1/16 அங்குல உயரமுமாக நிற்க வேண்டும். வழக்கமான அடிக்கே இவை அப்பளமாகப் பரந்தன. 30ஆம் நம்பர் ட்ரில்லால் கழற்றும்போது ரிவெட்டும் சேர்ந்து சுழன்று, ஒன்பது துளைகள் பெருத்துவிட்டன. அடுத்த அளவான 5/32 போடலாமென்றால் விளிம்பிலிருந்து விட்டத்தின் இரு மடங்கு, அதாவது 5/16 அங்குலம் வேண்டும். ஸ்பாரில், அதாவது சுக்கானைத் தாங்கும் நீள் சட்டத்தில், இருப்பது 1/4. எனவே ஸ்பாரே வீண். இரண்டு வருட உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள்.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. 14 நாட்களுக்குள் சரியான ஏடி ரிவெட்டை அதன் தரச் சான்றிதழோடு உங்கள் செலவில் அனுப்புங்கள். ஸ்பார் தகட்டின் விலையையும் பஸ் செலவையும் தாருங்கள். தவறினால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு போகும். பில், சீட்டு, கழற்றிய 38 ரிவெட், எல்லாம் கைவசம் இருக்கின்றன.

இன்னொன்று, இதற்கு 14 நாள் எடுக்காதீர்கள். அதே பெட்டியிலிருந்து வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் இறக்கையில் அடித்திருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்