மகளுக்கு, கத்திப் பயிற்சி பற்றி

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கயல்விழிக்கு அம்மா எழுதுவது.

பெங்களூரில் நீ சேர்ந்திருக்கும் கிராவ் மகா என்ற இஸ்ரேலியத் தற்காப்புக் கலை வகுப்பின் காணொளியைப் பார்த்தேன். உன் உடலில் வந்திருக்கும் உறுதி எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால், கத்தி பிடித்த பையன் ஒரே ஒரு முறை குத்திவிட்டு, நீ மணிக்கட்டைப் பற்றித் திருகி முடிக்கும்வரை கையை நீட்டியபடியே நிற்கிறானே, அதுதான் என்னை உறுத்துகிறது.

பல ஆண்டுகள் விபத்துப் பிரிவில் செவிலியராக இருந்தவள் என்பதால் சொல்கிறேன். வெளியே சட்டைப் பொத்தான் துளையளவே தெரியும் காயம், உள்ளே குடல்வரை இறங்கியிருக்கும். அப்படிப்பட்ட காயங்கள் நெருக்கமாக மூன்று நான்கு இருக்கும். தடுக்கப்போன முன்கையிலும் உள்ளங்கையிலும் வெட்டுகள் இருக்கும். யாரோ முஷ்டியால் குத்தியதாகவே நினைத்தேன், ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்னவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். குத்துகிறவன் கத்தியை முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஒரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மறு கையால் குத்திக் குத்தி எடுக்கிறான்.

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளரான டென்னிஸ் டுல்லர், 21 அடி தள்ளி நிற்பவன் ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் ஓடிவந்து குத்திவிடலாம் என்று 1983-இல் எழுதினார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும்போது, வெறுங்கையோடு நிற்கும் நீ அந்த மணிக்கட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி? பதற்றத்தில் விரல்கள் நுணுக்கமான பிடிகளுக்கு ஒத்துழைக்காது.

ஆகவே கைப்பேசியோ சங்கிலியோ கேட்டால் கொடுத்துவிடு. வழியிருந்தால் ஓடு, ஓடும்போது நாற்காலி, வண்டி, தோள்பை என எதையாவது இடையில் போடு. தாத்தாவிடம் சிலம்பம் கற்க வந்தவர்கள் மாதக்கணக்கில் காலடி வரிசைதான் பழகினார்கள். எதிராளியின் கை எட்டும் தூரத்துக்கு வெளியே நிற்கத் தெரிவதை அவர் அவ்வளவு பெரிதாக மதித்தார். தப்ப வழியே இல்லாவிட்டால் மட்டும், இரண்டு கைகளாலும் கத்தி பிடித்த கையைக் கட்டிப் பிடித்து அவன் உடம்போடு அழுத்தி, முழங்காலால் தாக்கி, பிடி தளர்ந்தவுடன் விலகி ஓட வேண்டும். வெட்டுப்படாமல் தப்புவோம் என்று எண்ணாதே. பிறகு 112-ஐ அழைத்து, காயத்தின்மேல் துணியை வைத்து விடாமல் அழுத்து. கத்தி உடலில் தைத்திருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது.

உன் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு ஒன்று செய். நீ பழைய வெள்ளைச் சட்டையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டு, அந்தப் பையனிடம் ரப்பர் கத்திக்குப் பதிலாகச் சிவப்பு மார்க்கரைக் கொடுத்து, நிறுத்தாமல் முழு வேகத்தில் குத்தச் சொல். முடிந்ததும் சட்டையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. எந்தக் கோடு எந்த உறுப்பின்மேல் விழுந்திருக்கிறது என்பதை ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா