எழுத்தாளர் குழு ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதாந்திரக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் பெரும்பாலும் சிறுகதைப் போட்டியைப் பற்றியே சொல்லப்போகிறேன். நம் உழைப்பில் பாதி அதற்குத்தான் போனது.

மொத்தம் 61 கதைகள் வந்தன. சில பழைய எழுத்துருவில் இருந்ததால், திறந்தவுடன் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, உடைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ஒரு கதை கோடு போட்ட தாளில், நீல மையில் கைப்பட எழுதி வந்திருந்தது. நம் உறுப்பினர் ஒருவர் இரண்டு மாலை உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தார். பேச்சுவழக்கில் ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை. அடித்துத் திருத்தியிருந்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எழுதியவர் கடைசியாக வைத்துக்கொண்ட சொல்லைத்தான் போட்டார். அந்தப் பொறுமைக்கு இந்தச் சபையில் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

1,500 சொற்கள் என்ற வரம்பும் சிக்கலானது. கணினி இடைவெளியை வைத்துத்தான் சொற்களை எண்ணுகிறது. ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். ‘வந்து கொண்டு இருந்தான்’ என்றால் மூன்று. சேர்த்து எழுதுகிறவர் உள்ளே, பிரித்து எழுதுகிறவர் வெளியே என்பது நியாயமில்லை. அதனால் 10 சதவீதம் கூடினாலும் ஏற்பது என்று செயற்குழு முடிவெடுத்தது. அடுத்த அறிவிப்பிலேயே இதைப் போட்டுவிட வேண்டும்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும், அது என்னுடையது. பெயரை நீக்கி எண் கொடுத்துத்தான் கதைகளை நடுவர்களுக்கு அனுப்பினேன். ஆனால் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் பதிந்திருக்கும் என்பதை நான் கவனிக்கவில்லை. நடுவர் ஒருவரே கூப்பிட்டுச் சொன்னார். அன்றிரவே எல்லாவற்றையும் புதிய கோப்புகளில் ஒட்டி, எண்களையும் மாற்றி, மறுபடி அனுப்பினேன். பெயரைப் பார்த்துவிட்ட கதைக்கு அந்த நடுவர் மதிப்பெண் போடாமல் விலகிக்கொண்டார்.

மதிப்பெண்களைக் கூட்டி முடிவைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தோம். பட்டியலைப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. மூன்று பேரும் ஏழு போட்ட கதைக்கு 21 வருகிறது. ஒருவர் ஒன்பது, இன்னொருவர் ஏழு, மற்றவர் நான்கு போட்ட கதை 20-ல் நின்றுவிடுகிறது. யாரையும் உறுத்தாத கதையே இப்படி ஜெயிக்கும். அப்புறம் மூன்று நடுவர்களையும் நேரில் உட்காரவைத்தோம்.

அந்த 20 மதிப்பெண் கதை, இறந்துபோன அப்பாவின் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும் மகளைப் பற்றியது. சாவிக் கொத்து ஒன்று கிடைக்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்க்கிறாள். ஒரு சாவிக்கு மட்டும் பூட்டு இல்லை. கதை அங்கேயே நிற்கிறது. நான்கு போட்டவர், “முடிவே இல்லையே” என்றார். ஒன்பது போட்டவர் பதில் சொல்லாமல் கடைசிப் பத்தியை உரக்க வாசித்தார். அந்தச் சாவியை மட்டும் கொத்திலிருந்து கழற்றாமல், துடைத்துத் திரும்ப உள்ளே வைக்கிறாள் மகள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான்கு போட்டவரே அதை முதல் பரிசுக்கு முன்மொழிந்தார். இனி எந்தப் போட்டியிலும் இந்த நேர்ப்பேச்சைக் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பரிசு பெறாத கதைகளில் பொதுவாக ஒன்றைக் கண்டோம். முதல் பக்கம் முழுக்கக் காலையில் எழுவதும் பல் துலக்குவதும் போய், கதை இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. கதை எழுதிய ஒவ்வொருவருக்கும் நடுவர்கள் நான்கைந்து வரிக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வரத் தொடங்கியவர்களில் நீல மையில் எழுதியவரும் ஒருவர்.

61 கதைகளுக்கும் குறிப்பு எழுதியதில் நடுவர்கள் களைத்துப்போனார்கள். அடுத்த முறை இந்தப் பாரத்தை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. முதல் சுற்றுக்கு ஐந்து பேர் கொண்ட வாசிப்புக் குழு வேண்டும். அதில் இருப்பவர்கள் போட்டிக்கு எழுத முடியாது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

அறிக்கையைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்