ஒரே சொல்லில் மூன்று எண்ணெய்: பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர்த் தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகனப் பழுதுபார்ப்பு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். செந்தூலில் ஒரு கார் பட்டறையில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்களிடம் படித்துத் திறன் சான்றிதழோடு வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் எங்களிடம்தான் கை பழகுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் சொற்களில் தடுக்கி விழுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மைவி (பெரோடுவா நிறுவனத்தின் சிறிய கார்) வந்தது. "கியர் எண்ணெயை மாற்று" என்று பையனிடம் சொல்லிவிட்டு வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால், ஆட்டோ கியருக்கான சிவப்பு எண்ணெயை ஊற்றி முடித்துப் புனலைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். எஞ்சினைக் கிளப்பவில்லை என்பதால் பிழைத்தோம். முழுவதையும் வடித்து, சரியான எண்ணெயை என் செலவில் ஊற்றினேன்.

அவனை எப்படித் திட்டுவது? பழைய மைவியில் 4 கியர் ஆட்டோ. அதற்கு அந்தச் சிவப்பு எண்ணெய்தான். 2021 நவம்பரில் வந்த புதிய மைவியில் சிவிடி, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோ. அன்று எங்களிடம் வந்தது இந்தப் புதிய வகை. அதில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடுகிறது. அதற்கான எண்ணெய் உராய்வால் தேயாமலும் காக்க வேண்டும், பெல்ட்டைக் கப்பியில் வழுக்கவும் விடக்கூடாது. தவறான எண்ணெயில் பெல்ட் வழுக்கிக் கப்பியைக் கீறும்; நாளடைவில் கியர்பெட்டியே போய்விடும். தயாரிப்பாளரின் கையேடு இவற்றை வெவ்வேறு பெயரில் பிரித்துச் சொல்கிறது. பட்டறையிலோ கைக்கியர், ஆட்டோ, சிவிடி மூன்றுக்கும் 'மின்யாக் கியர்' (மலாயில் கியர் எண்ணெய்) என்ற ஒரே பெயர். அன்று அந்தப் பெயரைச் சொன்னவன் நான்.

அளவுகளிலும் இதே கதை. சக்கர நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு "பதினொன்று வை" என்போம். பழைய ஜப்பானியக் கையேடுகளின் கிலோகிராம்-மீட்டர் கணக்கு அது. ஏறத்தாழ 108 நியூட்டன்-மீட்டர். நியூட்டன்-மீட்டர் காட்டும் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) பையன் அதே பதினொன்றை வைத்தால், நெடுஞ்சாலையில் சக்கரம் தனியாக ஓடும்.

பட்டறைப் பேச்சை ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நாம் சொல்லும் 'கோஸ்தான்', கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தும் 'கோ அஸ்டர்ன்' என்ற ஆங்கிலக் கட்டளை கரையேறி வந்த சொல். பினாங்கில் அதைச் சொல்லாத ஓட்டுநர் உண்டா? தூய தமிழ்ச் சொற்களையும் நான் ஒதுக்கவில்லை. கிளட்சை 'உரசிணைப்பி' என்று படித்தபோது மகிழ்ந்துபோனேன். உரசி இணைப்பது. பாதிப் பாடம் பெயரிலேயே இருக்கிறது. விளக்கும்போது அதைச் சொல்லுங்கள். பட்டறையில் பிள்ளை கிளட்ச் என்றே சொல்லட்டும்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பாகத்துக்கும் கையேட்டின் ஆங்கிலப் பெயர், தேர்வில் வரும் மலாய்ப் பெயர், பட்டறைப் பெயர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரே பட்டறைப் பெயருக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கும் இடங்களைச் சிவப்பில் காட்டுங்கள். ஸ்பானரைத் தொடுமுன் அந்த வண்டிக்குரிய பக்கத்தை வாய்விட்டுப் படிக்கப் பழக்குங்கள். தயாரிப்பாளர்கள் பழுதுபார்ப்புத் தகவல்களை வெளிப்பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007இலேயே சட்டம் செய்தது. அப்படி ஒரு கதவு இங்கே நமக்குத் திறந்தாலும், தேட வேண்டிய சொல் தெரியாத பிள்ளை உள்ளே போய் என்ன எடுப்பான்?

அந்த மைவிக்குப் பிறகு எங்கள் அலமாரியில் ஒவ்வொரு டப்பாவிலும் மூன்று பெயர்களையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். பையன்கள் ஒரு குறிப்பேடும் தொடங்கினார்கள். கிரீஸ் விரல் பட்ட அதன் பக்கங்களில் இதுவரை 70 சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை மூடியிருக்கும். நீங்கள் அழைத்தால் குறிப்பேட்டோடு நானே வருகிறேன். அதை எழுதிய பையன்களையும் அழைத்துவருகிறேன்.

அன்புடன்,
செந்தூல் பட்டறைத் தொழிலாளி